கயிறு யார் கையில் என்று கேள்

கண்ணு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறார். எந்தத் தெருவில் மனிதர்கள் எழுபது, எண்பது என்று இருக்கிறார்கள், எந்தத் தெருவில் பாதி வயதிலேயே போய்ச் சேருகிறார்கள், என்ன நோயால், எதனால் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதும் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது என்றும், தை பிறந்ததும் நம் ஊருக்கும் வருவாய் என்றும் எழுதியிருந்தாய். "என்ற பையன் எமன்கிட்டயே கணக்குக் கேக்கப் போறான்" என்று உன் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அடுத்து நீ எழுதியிருந்ததையும் படித்தார். ஒரு மணியக்காரர் மனம் வைத்தால் ஒரு நோயையே ஊரைவிட்டு ஓட்டிவிடலாம் என்பதற்கு உன் அப்பா கட்டிய கிணறே சாட்சி என்று உன் பெரிய டாக்டரிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அடுப்படியில் இருந்த நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெருமையில் உட்கார்ந்ததாக உன் அப்பா நினைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, கண்ணு. அந்தப் பெரிய டாக்டரின் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான் இல்லை என்றாலும் வெட்கமாக இருந்தது. நீ இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து கேட்டால் நான் பழைய பொய்யைத்தான் சொல்வேன். அதனால் நீ வருவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு இதைக் காட்டவில்லை.

அந்தக் கிணறு முன்பு எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. கீழ வளவுக்குப் போகிற வழியில், புளியமரங்களுக்குப் பக்கத்தில், தண்ணீர்வரை கல்படி இறங்கும் படிக்கிணறு. நம் காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற கீழ வளவுக் குடும்பங்கள் குடிக்கவும் குளிக்கவும் அதில்தான் இறங்கினார்கள். அவர்கள் கால் வைத்த தண்ணீர் என்று நம் தெருவில் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. நமக்குத் தோட்டத்துக் கிணறு இருந்தது. உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது, ஆனாலும் நம்முடையது. கோடை வந்துவிட்டால் கீழ வளவில் பாதிப் பேர் நொண்டுவார்கள். நரம்புச்சிலந்தி. கணுக்காலில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் புரையோடிவிடும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். அதுவரைக்கும் வேலை கிடையாது, வேலை இல்லாவிட்டால் கஞ்சி கிடையாது. "வேலைக்கு டிமிக்கி குடுக்கக் காலைக் காட்டறாளுக" என்று நம் தெருவில் சொல்வோம். அதிகம் சொன்னவள் நான்தான். நமக்கு அந்த நோய் வராததற்குக் காரணம் நம்முடைய சுத்தம், நம்முடைய விரதம், நம் வம்சத்து ரத்தம் என்று நிஜமாகவே நம்பினேன்.

இப்போது உன் இடது கணுக்காலைத் திருப்பிப் பார். அங்கே ஒரு தழும்பு இருக்கும். கருவேல முள் குத்திப் புரையோடியது என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். டாக்டருக்குப் படித்த பிறகு அதைப் பார்த்து உனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா? அல்லது வந்தும் என்னிடம் கேட்காமல் விட்டுவிட்டாயா? அது முள் இல்லை. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம், நீ சின்னக் குழந்தை. கன்றுக்குட்டி பின்னால் ஓடி ஓடி, யாருக்கும் தெரியாமல் படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்திருக்கிறாய். அடுத்த கோடையில் உன் காலில் கொப்புளம் வந்தது. உள்ளே இருந்து வெள்ளையாகத் தலை நீட்டியதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. உன் கால் என்னாகுமோ என்ற பயத்தைவிட, மணியக்காரர் வீட்டுப் பிள்ளை கீழ வளவுத் தண்ணீரைக் குடித்திருக்கிறான் என்று தெரு பேசுமே என்ற பயம்தான் முதலில் வந்தது. உன்னை உள் அறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, முள் குத்திவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னோம்.

புழுவை எடுக்க நம் தெருவில் யாருக்கும் தெரியாது. நம் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த மாராயியைத்தான் கூப்பிட்டேன். அவளை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சோளக்காடெல்லாம் திரிந்தவள். தினமும் விடிந்ததும் பின்வாசல் வழியாக வருவாள். உன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவி, குச்சியை அரைச் சுற்று சுற்றுவாள். "அவசரப்பட்டு இழுக்கப்படாதுங்க சாமி. அது பாட்டுக்கு வரோணும்" என்பாள். நீ பார்த்துவிடாதபடி நான் உன் கண்ணைப் பொத்திக்கொள்வேன். "முள்ளுத்தான் சாமி, இன்னுங் கொஞ்சந்தான்" என்று அவள் உன்னிடம் சொல்வாள். புழு அறுபடாமல் முழுசாக வந்தது. நீ இன்று நொண்டாமல் நடப்பது அந்தக் கையால்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

நீ உள்ளே படுத்திருந்த அந்த நாட்களில்தான் நரம்புச்சிலந்தியைப் பற்றி விசாரிக்கச் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். இப்போது நீ போகப்போகிற வேலை மாதிரிதான் அவருடையதும். எந்தத் தெருவில் யாருக்கு வந்திருக்கிறது, அவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று கேட்டார். "எங்க தெருவுல அந்தச் சனியன் ஒருத்தருக்கும் கிடையாதுங்க" என்று உன் அப்பா சொன்னார். நீ சுவருக்கு அந்தப் பக்கம் முனகிக்கொண்டிருந்தாய். ஊரிலேயே மூத்தவர் யார் என்றும் டாக்டர் கேட்டார். எண்பதைத் தாண்டியிருந்த உன் தாத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். கீழ வளவில் மூத்தவர் என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஆளைப் பார்த்தால் உன் தாத்தாவின் வயது தெரிந்தது. விசாரித்தால், தாது வருஷப் பஞ்சம் முடிந்து பிறந்தவராம், ஐம்பதைச் சற்றுத் தாண்டிய வயதுதான். அந்தப் பஞ்சத்தில் உன் தாத்தா வண்டி ஓட்டுகிற இளவட்டம்! டாக்டர் உன் தாத்தாவிடம், "பஞ்சத்துல உங்க வீட்டுத் தானியக் குதிர் காலியாச்சுங்களா பெரியவரே?" என்று கேட்டார். "எங்க குதிரு எந்தக் காலத்துலயும் காலியானதில்லீங்க" என்று தாத்தா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். நம் பெருமையை எழுதிக்கொள்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். என்ன எழுதியிருப்பார் என்று இந்த வயதில்தான் புரிகிறது.

புழு வந்த கால் தண்ணீரில் படுவதாலும், அந்தத் தண்ணீரையே குடிப்பதாலும்தான் நோய் பரவுகிறது என்று அவர் விளக்கினார். படியை அடைத்து, சுற்றுச்சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டுக் கயிற்றால் சேந்தினால் போதும், கால் படாது, நோயும் ஒழியும் என்றார். மற்ற ஊர்களில் மணியக்காரர்கள் சாக்குப்போக்குச் சொன்னார்களாம். உன் அப்பா உடனே தலையாட்டினார். கீழ வளவுக்காக அவர் தலையாட்டவில்லை, கண்ணு. உன் கால் அவர் கண்ணுக்குள் நின்றது. நீ மறுபடியும் ஓடிப்போய் இறங்கிவிடுவாயே என்ற பயம். பெற்றவர் பயத்தில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குச் செய்த உபகாரம் என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரியும்போது, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை.

கிணற்றை வற்ற இறைத்தார்கள், தூர் வாரினார்கள், படியை அடைத்தார்கள். கல்லும் மண்ணும் சுமந்தது கீழ வளவுதான், மாராயியும் சுமந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஐயரை வைத்துத் தீர்த்தம் தெளித்து, நாங்கள் பொங்கல் வைத்தோம். அன்று வீட்டுக்கு ஒரு குடம் கொண்டுவந்து பருப்பு வேகப் போட்டேன். பஞ்சாக வெந்தது. அத்தனை ருசியான தண்ணீர் இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது! மறுநாள் நம் தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு நின்றோம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை. நாங்கள் சேந்தும் கிணற்றில் அவர்கள் குடம் இறங்கக் கூடாது, நாங்கள் தொடும் கயிற்றை அவர்கள் தொடக் கூடாது. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. அதுவரை யாரையும் கேட்காமல் படியிறங்கி மொண்டுகொண்டு போனவர்கள், அன்றிலிருந்து வெறுங்குடத்தை வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். நாங்களாகப் பார்த்து ஊற்றினால் உண்டு. உன் காலை மடியில் வைத்திருந்த கை அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது என்று ஆனது. அதில் ஏதோ கோணலாக இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை.

நான் எப்படி ஊற்றுவேன் என்று சொல்லவா? என் குடம் அவர்கள் குடத்தில் பட்டுவிடக் கூடாது என்று இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றுவேன். பாதி மண்ணில் போகும். பேச்சு சுவாரசியமாக இருந்தால் அவர்களை மறந்தே போவேன். நின்று நின்று பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று குட்டைக்குப் போவார்கள். மாடு குளிக்கும், துணி வெளுக்கும், எல்லோரும் இறங்கும் குட்டை. அங்கேதான் நரம்புச்சிலந்தி குடிபோனது. ஊரைவிட்டு ஓடவில்லை, கண்ணு. நம் கண்ணில் படாத இடத்துக்குப் போனது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. தலைக்குக் குளித்து, விரதத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். மாராயி ஓடி வந்தாள். "ஒரு கொடம் ஊத்தியுடுங்க சாமி. என்ற பொன்னிக்குப் பேதி புடிச்சிருக்குதுங்க. குட்டத் தண்ணி வேண்டாம்னு பாக்கறேன்" என்றாள். பொன்னி அவளுடைய மகள், அப்போதுதான் ஓடியாடத் தொடங்கியிருந்த குழந்தை. "விரதத் தண்ணி எடுத்துட்டுப் போறேன். பூசை முடியட்டும், வாரேன், இரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து அந்த டாக்டர் மறுபடியும் வந்தார், கிணறு வேலை செய்கிறதா என்று பார்க்க. இலை போட்டு விருந்து வைத்தோம். சமையல், பரிமாறல் என்று அவளை மறந்துபோனேன். மறந்துபோனேன் என்று எழுதுவதுகூட ஒரு சலுகைதான். பின்வாசலில் அவள் குடத்தோடு வந்து நிற்பதை நான் பார்த்தேன். விருந்தாளி முன்னால் எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன்.

நான் ரசம் ஊற்றும்போது டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "கீழ வளவுலயும் இந்தத் தண்ணிதானுங்களாம்மா?" என்று கேட்டார். உன் அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். தண்ணீர் சங்கதி பெண்களுக்குத்தான் தெரியும் என்று தெரிந்த மனிதர். "ஆமாங்க, எல்லாருக்கும் ஒரே கெணறுதானுங்க" என்றேன். மாராயி அதைக் கேட்டாள். நானும் அவள் கேட்டதைக் கண்டேன். வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டு, இந்த ஊர் மற்ற ஊர்களுக்கு ஓர் உதாரணம் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

பொன்னி பிழைக்கவில்லை. என் ஒரு குடம் தண்ணீர் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவன், உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ உண்மை சொல்வாய், நான் அன்று சொன்னது என்ன தெரியுமா? "அந்த வளவுல கொழந்தைக தங்கறதில்ல, என்ன பண்றது" என்று சொன்னேன். மாராயி மறுபடியும் வேலைக்கு வந்தபோது ஒரு மரக்கால் கம்பு அளந்து போட்டேன். தாராள மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் சேலத்துக்கு வண்டி கட்டியவள் நான். ஒரு தாய்க்கு இன்னொரு தாயின் அவசரம் புரியாமல் போகுமா? புரிந்தது. எனக்கு அவளும் என்னைப் போல ஒரு தாய் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த பிறகு மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அதையும் கேள். கிணற்றடியில் மாராயி மட்டும் இருந்தாள். என்னைவிட இளையவள், இன்று என் பக்கத்தில் நின்றால் என் அக்காள் என்பார்கள். வலது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். போன கோடையில் அவளுக்கு வந்த புழு அறுந்துவிட்டதாம். உன் காலில் அறுபடாமல் எடுத்தவளுக்கு, அவள் காலில் அப்படிப் பொறுமையாகச் சுற்ற ஆளும் இல்லை, வேலைக்குப் போகாமல் படுத்திருக்க வழியும் இல்லை. "மாராயி, இனிமே நீயே சேந்திக்க. நாஞ் சொல்றேன்" என்றேன். அவள் கயிற்றையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஆராச்சும் கேட்டாங்கன்னா நீங்க சொன்னீங்கன்னு சொல்லீரட்டுங்களா சாமி?"

தெருவின் முகம் எல்லாம் வந்து போனது. உன் அப்பாவின் முகமும் வந்தது. "அவரு சேலம் போற அன்னிக்கு வந்து சேந்திக்க. இப்பத்திக்கு ஆருகிட்டயும் சொல்லாத" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கோபமாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்ப நீங்களே ஊத்தீருங்க சாமி. நாந் தொட்டா அது என்ற பையன் முதுகுலதான் வந்து விடியும். எனக்கு நின்னு பழகிப்போச்சுங்க" என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் ஊற்றினேன். குனிந்து, குடத்தை ஒட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன். அதற்கே எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அத்தனை கேவலம் உன் அம்மா.

நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள். ஆனால் பொய் சொன்னவளுக்குத்தான் பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். ஊருக்குள் வந்ததும் மணியக்காரர் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடாதே, அது நம் வீடாக இருந்தாலும் சரி. சாப்பிட்ட வாய் பிறகு கூசிக் கூசிக் கேட்கும். கீழ வளவுக்குப் பொழுது சாய்ந்த பிறகு போ, பகலில் அவர்கள் நம் காட்டில் இருப்பார்கள். நோய் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், வேலைக்குப் போகாமல் படுத்த நாட்கள் எவை என்று கேள். குழந்தைகள் எத்தனை என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே, இல்லாமல் போன குழந்தைகளின் பெயரையும் கேள். பெயர் வைத்து ஒரு பிள்ளையையாவது தொலைக்காத வீடு அங்கே இருக்காது. நம் தெருவிலும் விசாரி. மணியக்காரர் வீட்டில் ஒருவனுக்கு நரம்புச்சிலந்தி வந்தது என்று உன் கையாலேயே எழுது.

குடிதண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று எல்லோரையும் கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால் ஊர்க்கிணறு என்பேன். மாராயியைக் கேட்டால் அவளும் ஊர்க்கிணறுதானுங்க என்பாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலை எழுதிக்கொண்டு நீ போய்விடுவாய். பிறகு சென்னையில் உட்கார்ந்து, ஒரே தண்ணீரைக் குடித்தும் இவர்கள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள், ரத்தத்தில் ஏதாவது குறையா என்று மண்டையை உடைத்துக்கொள்வாய். கிணறு எது என்று கேட்டுவிட்டு எழுந்துவிடாதே. கயிறு யார் கையில் என்று கேள். எத்தனை நேரம் நின்றாய் என்று கேள்.

நான் பக்கத்தில் இருந்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். இத்தனை எழுதியும், அன்று நான் உன் பின்னாலேயே வந்து நிற்பேன். மகன் உத்தியோகம் பார்ப்பதைப் பார்க்கிற ஆசை என்று சொல்லிக்கொள்வேன், உள்ளுக்குள் அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயம் இருக்கும். என்னை எனக்குத் தெரியும். பெற்றவள் ஆயிற்றே என்று தயங்காதே. "அம்மா, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்று சொல். அவள் முன்னாலேயே, அவள் காதில் விழும்படி சொல். நான் போய்விடுகிறேன்.

உன் அம்மா